ஒலிநாடாவிலிருந்து குறுந்தட்டுக்கு: வீட்டுக் குரல்களைக் காக்கும் வழி

நம் தோட்டப்புற இல்லங்கள் பலவற்றில் பழைய தகரப் பெட்டி ஒன்று இருக்கும். திருமண அழைப்பிதழ்களுக்கும் நிழற்படங்களுக்கும் இடையே சில ஒலிநாடாப் பேழைகளும் அதனுள் கிடக்கும். கேசட் என்று நாம் வழங்கிவந்த அப்பேழைகளை இயக்கும் கருவி பல வீடுகளில் பழுதாகிவிட்டது. சில வீடுகளில் அது எங்கே போயிற்று என்பதையே அறிந்தவர் இல்லை. ஆயினும் பேழைகளை எறிந்துவிட நமக்கு மனம் வருவதில்லை. பாட்டியின் தாலாட்டும், கோயில் திருவிழாவில் தாத்தா பாடிய காவடிப் பாட்டும், சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்ற அண்ணன் பேசி அனுப்பிய ஒலிநாடாக் கடிதமும் அவற்றுள் இருக்கலாம் என்பதே காரணம்.

அக்குரல்களைக் கணினியில் ஏற்றிக் குறுந்தட்டில் எழுதி வைப்பது எப்படி என்பதை இக்கட்டுரையில் முறையாகக் காண்போம். இதற்குப் பெரும் பொருட்செலவோ உயர்ந்த படிப்போ தேவையில்லை. பொறுமையும் ஒழுங்கும் இருந்தால் போதும். ஆனால் காலம் தாழ்த்துதல் கூடாது. ஏன் கூடாது என்பதை முதலில் அறிதல் நலம்.

ஒலிநாடாவின் இயல்பு

கையடக்கமான ஒலிநாடாப் பேழையை நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1963ஆம் ஆண்டில் அறிமுகம் செய்தது. பேழையினுள் இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் நாடா. அதன் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதன் ஒருபுறத்தில் இரும்பு ஆக்ஸைடு போன்ற காந்தத் துகள்கள் ஒருவகைப் பசையால் ஒட்டப்பட்டுள்ளன. ஒலி மின்னோட்டமாக மாறி, அத்துகள்களைக் காந்த வரிசையாக நிறுத்துகிறது. அதுவே நாம் கேட்கும் பாட்டு. நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 60 நிமிடப் பேழையில் ஒவ்வொரு பக்கமும் 30 நிமிடம். 90 நிமிடப் பேழையில் 45 நிமிடம். நேரம் மிகுந்த பேழையில் நாடா மேலும் மெல்லியது. ஆகவே எளிதில் நீளும், சிக்கும்.

நம் நாட்டு வெப்பமும் ஈரமும் ஒலிநாடாவுக்குப் பெரும் பகை. பசை தளர்ந்தால் துகள் உதிரும். ஈரம் தங்கினால் வெண்ணிறப் பூஞ்சணம் படரும். நாடா கெடுவது ஒருபுறம் இருக்க, அதை இயக்கும் கருவிகளும் உதிரிப் பாகங்களும் அருகிவருகின்றன. யுனெஸ்கோ அமைப்பும் உலக ஒலி, ஒளிக் காப்பக வல்லுநர் சங்கமும் இணைந்து 2019ஆம் ஆண்டில் காந்த நாடா பற்றிய எச்சரிக்கைத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. ஏறத்தாழ 2025ஆம் ஆண்டுக்குப் பின் பழைய நாடாக்களை இயக்கக் கருவி கிடைப்பது மிக அரிதாகும் என்பதே அவ்வெச்சரிக்கையின் சாரம். அந்த ஆண்டு இப்போது வந்துவிட்டது.

சிங்கப்பூர் காட்டும் எடுத்துக்காட்டு

இம்மாற்றத்தைக் கண்கூடாகக் காண விரும்புவோர் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரத்தை நோக்கலாம். 1970களிலும் 80களிலும் சிராங்கூன் சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் ஒலிநாடா விற்ற கடைகளிலிருந்து தமிழ்ப் பாடல்கள் தெருவெங்கும் கேட்டன. பின்னர்க் குறுந்தட்டு வந்தது. அதன்பின் இணையமும் கைத்தொலைபேசியும் வந்தன. ஒலிநாடா விற்பனை மறைந்தது. லிட்டில் இந்தியாவுக்கு அருகே சுங்கை ரோட்டில் பல்லாண்டுகளாக நடைபெற்ற பழம்பொருள் சந்தையில் பழைய ஒலிப்பதிவுக் கருவிகளையும் இசைத்தட்டுகளையும் தேடிப் பிடிக்க முடிந்தது. அச்சந்தையும் 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் மூடப்பட்டது.

அதே நகரம் காக்கும் வழியையும் காட்டியுள்ளது. 1979ஆம் ஆண்டு சிங்கப்பூர் அரசு வாய்மொழி வரலாற்றுப் பிரிவு ஒன்றைத் தோற்றுவித்தது. வணிகர், தொழிலாளர், கலைஞர், ஆசிரியர் எனப் பலரையும் அவரவர் மொழியில் பேசச் செய்து நாடாவில் பதிவு செய்தனர். அவற்றுள் தமிழில் அமைந்த பேட்டிகளும் உள்ளன. இன்று தேசிய ஆவணக் காப்பகத்தின் பகுதியாக விளங்கும் அந்நிலையத்தின் பழைய நாடாப் பதிவுகள் கணினிக் கோப்புகளாக மாற்றப்பட்டன. அவற்றுள் பலவற்றை யாவரும் இணையத்தின் வழியே கேட்கலாம். 2015ஆம் ஆண்டு, சிங்கப்பூர் விடுதலை பெற்ற பொன்விழாவையொட்டி, தமிழ்த் தொண்டர்கள் தேசிய நூலக வாரியத்துடன் சேர்ந்து முந்நூறுக்கும் மேற்பட்ட சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கினர். தொடர்ந்து நாடகம், இசை, நடனம் ஆகியவற்றுக்கும் மின்தொகுப்புகள் உருவாயின.

இங்கே ஒன்றை உணர வேண்டும். அரசுக் காப்பகம் எவ்வளவு பெரிதாயினும், நம் வீட்டுத் தகரப் பெட்டியில் உள்ள குரல் அங்கே இராது. அதன் ஒரே படி நம்மிடம்தான் உள்ளது. எனவே அதைக் காக்கும் கடமையும் நம்முடையதே.

எதை முதலில் எடுப்பது?

பேழைகள் அனைத்தையும் முதலில் இரு குவியல்களாகப் பிரித்தல் வேண்டும். கடையில் வாங்கிய திரைப்படப் பாடல்கள், பக்திப் பாடல்கள் ஆகியவை ஒரு குவியல். வீட்டில் பதிவு செய்த குரல்கள் மறு குவியல். பலர் தாம் விரும்பிக் கேட்ட திரைப்பாடல் நாடாவையே முதலில் மாற்ற முற்படுகின்றனர். அது தவறான வரிசை. அப்பாடல் உலகில் வேறு எங்கேனும் இருக்கும். இன்று தேடினாலும் கிடைக்கும். ஆத்தாள் பாடிய நடவுப் பாட்டு வேறு எங்கும் இல்லை.

மேலுறையில் திரைப்படத்தின் பெயர் இருப்பதாலேயே ஒரு பேழையை ஒதுக்கிவிடக் கூடாது. அக்காலத்தில் புதிய பேழை வாங்கப் பணமில்லாதோர் பழைய பாடல் நாடாவின் மேலேயே குழந்தையின் மழலையைப் பதிவு செய்ததுண்டு. ஆகவே இரு பக்கங்களையும் இறுதிவரை கேட்டபின்பே முடிவு செய்க.

வேண்டிய கருவிகள்

நல்ல நிலையில் உள்ள ஒலிநாடாக் கருவி ஒன்று, கணினி ஒன்று, இரண்டையும் இணைக்கும் கம்பி ஒன்று, ஒலியைப் பதிவு செய்யும் நிரல் ஒன்று. இவை நான்கும் இன்றியமையாதவை.

ஒலிநாடாக் கருவியில் செவிப்பொறி செருகும் துளை இருக்கும். அதன் அளவு பெரும்பாலும் 3.5 மில்லிமீட்டர். இரு முனைகளிலும் அதே அளவுச் செருகி கொண்ட ஸ்டீரியோ கம்பியால் அதனைக் கணினியுடன் இணைக்கலாம். மேசைக் கணினியின் பின்புறம் உள்ள துளைகளுள் நீல நிறமானது வெளிக்கருவியிலிருந்து ஒலியை ஏற்பதற்கு உரியது. இளஞ்சிவப்புத் துளை ஒலிவாங்கிக்கு உரியது. அது மிக மெல்லிய மின்னோட்டத்தை எதிர்பார்ப்பதாகையால், நாடாக் கருவியை அதில் செருகினால் ஒலி சிதையும். மடிக்கணினிகள் பலவற்றில் நீலத் துளை இல்லை. அவற்றுக்கு யூஎஸ்பி துளையில் பொருத்தும் சிறிய ஒலி இணைப்புப் பெட்டி தேவை. சிங்கப்பூருக்குச் செல்வோர் லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் ரோச்சோர் பகுதியில் உள்ள சிம் லிம் டவர், சிம் லிம் ஸ்குவேர் ஆகிய கட்டடங்களில் இத்தகைய கம்பிகளையும் பெட்டிகளையும் தேடலாம். இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டபின் வாங்குதல் அறிவுடைமை.

பதிவு செய்யும் நிரல்களுள் ஆடாசிட்டி என்பது பலரும் அறிந்தது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த இந்நிரலை விலையின்றிப் பெறலாம்.

நாடாவையும் கருவியையும் ஆயத்தம் செய்தல்

முதலில் பேழையின் மேல்விளிம்பில் உள்ள இரு சிறு பிளாஸ்டிக் தகடுகளை உடைத்து விடுக. அவை இல்லாவிடில் கருவி அதன்மேல் பதிவு செய்யாது. தவறுதலாகப் பொத்தானை அழுத்தினாலும் குரல் அழியாது. பிறகு நாடாவை உற்று நோக்குக. வெண்மையான பொடி போன்ற படலம் தெரிந்தால் அது பூஞ்சணமாக இருக்கலாம். அப்பேழையைக் கருவியில் இடவே கூடாது. கருவியும் அதன்பின் இடப்படும் மற்ற நாடாக்களும் கெடும். அதைத் தனியே பையிலிட்டுத் தேர்ந்த வல்லுநரிடம் கொடுக்க வேண்டும்.

கருவியினுள் நாடாவைத் தொட்டுப் படிக்கும் உலோகத் தலையைப் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சிறிது நனைத்துத் துடைக்க வேண்டும். பஞ்சில் பழுப்பு நிறம் வருவது நின்றால் தலை தூய்மையாயிற்று என்று பொருள். அதன் அருகே நாடாவை அழுத்தி இழுக்கும் சிறிய இரப்பர் உருளை உண்டு. இரப்பரைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாள்பட்டால் அது இறுகும், வெடிக்கும், அல்லது இளகி ஒட்டும். இறுகிய உருளை நாடாவைச் சீராக இழுக்காது. பாட்டு நடுங்கி ஒலிக்கும். உருளையை ஆல்கஹாலில் நனைக்காமல், மென்மையான சவர்க்கார நீர் தொட்ட துணியால் துடைத்து உலரவிடுக. அது வெடித்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

பின்னர், மதிப்பில்லாத பழைய பேழை ஒன்றை முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கருவி அதை விழுங்கவில்லை என்று உறுதியான பின்னரே குடும்பப் பேழையை இடுக. பல்லாண்டுகள் அசையாமல் கிடந்த நாடாவை ஒருமுறை முழுதும் முன்னோக்கிச் சுற்றி, மீண்டும் பின்னோக்கிச் சுற்றிய பிறகு இயக்கினால் அது இறுக்கம் நீங்கிச் சீராக ஓடும்.

ஒலியின் அளவை அமைத்தல்

இப்பணி முழுவதிலும் மிகுந்த கவனத்தை வேண்டுவது இதுவே. 1888ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பவர், மரத்தைக் கொல்லாமல் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் வெட்டு முறையை 1890களில் வகுத்தார். அம்முறையின் உயிர்நிலை வெட்டின் ஆழத்தில் உள்ளது. வெட்டு ஆழமின்றி இருந்தால் பால் போதிய அளவு வராது. மிக ஆழமானால் மரம் காயப்பட்டு, அந்தப் பட்டை பின்னர் முடிச்சு முடிச்சாகவே வளரும். ஒலிப்பதிவின் அளவும் அத்தகையதே. அளவு மிகக் குறைந்தால் குரலைவிட நாடாவின் இரைச்சலே மேலோங்கும். அளவு மிகுந்தால் அலையின் உச்சி வெட்டுண்டு கரகரப்பாகும். அக்கரகரப்பை எந்த நிரலாலும் பின்னர் முழுதாகச் சீர்செய்ய முடியாது.

ஆகவே பேழையில் குரல் உரத்து ஒலிக்கும் பகுதியைத் தேடி எடுத்து, அதை ஓடவிட்டு அளவை அமைத்தல் வேண்டும். நிரலில் உள்ள அளவுமானி சுழி டெசிபெல்லைத் தொடவே கூடாது. உச்சம் கழித்தல் 6 டெசிபெல்லை ஒட்டி நின்றால் பாதுகாப்பு. நாடாக் கருவியில் கனத்த ஒலி, கூரிய ஒலி ஆகியவற்றைக் கூட்டும் குமிழ்களை நடுநிலையில் வைக்கவும். பதிவு வேகத்தை விநாடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட், இரு தடங்கள் என அமைப்பது குறுந்தட்டுக்குப் பொருந்தும். காப்பகங்கள் 96,000 மாதிரிகள், 24 பிட் என்ற உயர்ந்த அளவைக் கையாளுகின்றன. இல்லத் தேவைக்கு முன்னதே போதும்.

இனிப் பதிவைத் தொடங்கலாம். முதலில் நிரலின் பதிவுப் பொத்தானையும் பிறகு கருவியின் இயக்கப் பொத்தானையும் அழுத்துக. அப்போது தொடக்கச் சொல் தவறாது. 60 நிமிடப் பேழைக்கு 60 நிமிடம் தேவை. விரைவுபடுத்தும் குறுக்குவழி இல்லை. அந்நேரத்தில் கணினியில் வேறு பணி செய்யலாகாது. செய்தி வந்தால் எழும் மணியோசையையும் நிறுத்தி வைத்தல் நன்று. ஒரு பக்கம் முடிந்தவுடன் 'வேவ்' என்னும் வடிவில் கோப்பைச் சேமித்திடுக. எம்பி3 வடிவம் இடத்தைச் சிக்கனப்படுத்தும்; ஆனால் ஒலியின் ஒரு பகுதியைக் களைந்தே அது சிறிதாகிறது. மூலக்கோப்பு வேவ் வடிவிலேயே இருக்கட்டும்.

இரைச்சலைக் குறைக்கும் வசதி நிரலில் உண்டு. அதை மூலக்கோப்பில் கையாளாமல், அதன் படி ஒன்றை எடுத்து அதில் மட்டுமே கையாள வேண்டும். அளவுமீறித் துடைத்தால் குரலும் உயிரிழந்து, தகர டப்பாவினுள் பேசுவதுபோல் ஆகிவிடும். மழை ஓசையும் சேவல் கூவுவதும் பதிவில் இருந்தால் அவை இருக்கட்டும். அன்றைய லயத்து வாழ்வின் ஓசைகள் அவை.

குறுந்தட்டில் எழுதுதல்

குறுந்தட்டு பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களின் கூட்டு ஆக்கம். 1982ஆம் ஆண்டில் அது விற்பனைக்கு வந்தது. அதன் விட்டம் 12 சென்டிமீட்டர். நாம் வீட்டில் எழுதும் வெற்றுத் தட்டில் ஒருவகைச் சாயப்படலம் உண்டு. கணினியின் லேசர் ஒளிக்கதிர் அச்சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுட்டு எழுதுகிறது.

வேவ் வடிவில் ஒரு நிமிட ஒலிக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் இடம் தேவை. சாதாரண வெற்றுத் தட்டு ஒலித்தட்டாக எழுதப்பட்டால் 80 நிமிடம் கொள்ளும். எனவே 60 நிமிடப் பேழை ஒரே தட்டில் அடங்கும். 90 நிமிடப் பேழை அடங்காது. அதற்குப் பக்கத்திற்கு ஒன்றாக இரு தட்டுகள் வேண்டும். எழுதும்போது 'ஒலித்தட்டு' என்னும் வகையைத் தெரிவு செய்தால்தான் பழைய இசைக் கருவிகளிலும் வாகனங்களிலும் அது பாடும். மிக உயர்ந்த வேகத்தைத் தவிர்த்து நடுத்தர வேகத்தில் எழுதுக. எழுதி முடித்தபின் தட்டை முழுதும் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்தல் வேண்டும். புதிய கணினிகள் பலவற்றில் தட்டுச் செலுத்தி இல்லை. யூஎஸ்பி துளையில் இணைக்கும் தனிச் செலுத்தி கடைகளில் கிடைக்கும்.

பெயரும் விவரமும்

பதிவு செய்த குரல் யாருடையது என்று தெரியாவிட்டால், காத்ததன் பயன் பாதியாகக் குறையும். எனவே பேழையை ஓடவிடும்போது வீட்டுப் பெரியவர்களை அருகே அமரச் செய்க. "இது யார் குரல்? எந்த ஊர்த் திருவிழா? பின்னால் சிரிப்பது யார்?" என்று கேட்டு, அவர்கள் சொல்வதை உடனே எழுதிக்கொள்ள வேண்டும். அவர்கள் சொல்லும் விளக்கத்தையே கைத்தொலைபேசியில் பதிவு செய்து அதே தட்டுடன் சேர்ப்பது இன்னும் சிறப்பு. பாடியவரின் பெயர், ஆண்டு, இடம், நிகழ்ச்சி ஆகிய நான்கும் கோப்பின் பெயரில் இடம்பெறல் நலம். ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால், "மூத்த மகள் பிறந்த பின்" என்பது போன்ற குறிப்பும் பயன் தரும்.

சட்டத்தை மதித்தல்

இசைத் தொகுப்புகள் உழைத்தவர்களின் உடைமை. கடையில் வாங்கிய பாடல்களைப் படியெடுத்து விற்பது பதிப்புரிமைச் சட்டப்படி குற்றமாகும். மலேசியாவில் 1987ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தங்களுடன் நடைமுறையில் உள்ளது. சிங்கப்பூரில் அவ்வாண்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2021ஆம் ஆண்டுச் சட்டம் வந்துள்ளது. நம் குடும்பத்தார் தாமே பேசிய, பாடிய பதிவுகளை உறவினர்க்குக் கொடுப்பதில் மனத்தடை வேண்டியதில்லை. எனினும் உயிரோடிருப்பவரின் குரலைப் பலரும் கேட்கும்படி இணையத்தில் இடுவதற்கு முன் அவரது இசைவைப் பெறுவது நாகரிகம்.

எழுதியபின் காப்பது

குறுந்தட்டில் எழுதிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று எண்ணுதல் கூடாது. சாயப்படலம் வெயிலிலும் வெப்பத்திலும் மங்கும், கீறலும் படும். தட்டை அதன் உறையில் நிறுத்திவைத்து, வெயில் படாத உலர்ந்த இடத்தில் பாதுகாக்கவும். ஒட்டுத்தாள் ஒட்டாமல், தட்டுகளில் எழுதுவதற்கென விற்கும் மென்முனைப் பேனாவால் மேற்புறத்தில் எழுதுக.

மூன்று படிகள் என்பது நல்ல விதி. ஒன்று குறுந்தட்டிலும், மற்றொன்று கணினியிலோ விரலி எனப்படும் சிறு சேமிப்பியிலோ, மூன்றாவது வேறு ஊரிலும் இருத்தல் வேண்டும். தோட்டத்து வீட்டில் ஒன்றும் சிங்கப்பூரில் உள்ள உறவினர் வீட்டில் ஒன்றும் இருந்தால், வெள்ளமோ தீயோ ஓரிடத்தில் நேர்ந்தாலும் குரல் பிழைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு வீட்டைத் தூய்மை செய்யும் காலத்தில், தட்டுகளை ஓடவிட்டுச் சரிபார்த்துத் தேவையானால் புதிய படி எடுத்துக்கொள்ளலாம். மூல ஒலிநாடாவை எறிந்துவிட வேண்டாம்; இன்றைவிடச் சிறந்த முறையில் அதைப் படிக்கும் வாய்ப்பு நாளை வரலாம்.

நினைவில் நிறுத்த வேண்டியவை

1. கடையில் வாங்கிய பாடலுக்கு முன், வீட்டில் பதிந்த குரலை எடுக்க வேண்டும்.
2. பேழையின் தகடுகளை உடைத்த பின்பே கருவியில் இடவேண்டும்.
3. பூஞ்சணம் கண்ட நாடாவை இயக்கக் கூடாது.
4. அளவுமானியின் உச்சம் சுழியைத் தொடலாகாது.
5. மூலக்கோப்பை மாற்றாமல் வைத்து, படியில் மட்டுமே திருத்தம் செய்ய வேண்டும்.
6. குரலுக்கு உரியவர் யார் என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும்.
7. மூன்று படிகள் எடுத்து, ஒன்றை வேறு ஊரில் வைக்க வேண்டும்.

நம் முன்னோர் காடு திருத்தித் தோட்டம் கண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தம் வாழ்வை ஏட்டில் எழுதி வைக்கவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற சொல்லும் பாட்டும் சில ஒலிநாடாக்களிலேயே தங்கியுள்ளன. அவற்றை அடையாளம் காட்டக்கூடிய முதியவர்களும் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். ஆகவே இந்த மாதமே பெட்டியைத் திறந்து ஒரே ஒரு பேழையையேனும் எடுத்துத் தொடங்குவோம். கணினி அறிந்த பிள்ளைகள் கருவியைக் கவனிக்கட்டும். குரலை அறிந்த பெரியவர்கள் பெயரைச் சொல்லட்டும். இருவரும் ஒருங்கே அமர்ந்தால்தான் இப்பணி நிறைவு பெறும்.